கடல், ௧டல்: உலாவி எதைத் தடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது

கேள்வி (வாசகர் ஒருவர்), 2024 மார்ச் 2, காலை

குரோமில் தமிழ் டொமைன்களை (தமிழில் வைத்த இணைய முகவரிகளை) திறந்தால் சில தமிழிலேயே தெரிகின்றன. சில, எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கி வாயில் நுழையாத ஆங்கில எழுத்துகளாக மாறிவிடுகின்றன. "போலி முகவரி என்றால்தான் அப்படி மாறும். தமிழில் தெரிந்தால் பயமில்லாமல் உள்ளே போகலாம்" என்கிறார் நண்பர். உண்மையா?

மார்ச் 2, மதியம்

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி உள்ளே போவதுதான் ஆபத்து.

டொமைன் பெயர்களைத் தேடித்தரும் அமைப்புக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தின் 26 எழுத்து, 10 இலக்கம், ஓர் இடைக்கோடு, இவ்வளவுதான் அங்கே புழங்குகிறது. 2003இல் வந்த தரம் ஒரு வழி சொன்னது: எந்த மொழிப் பெயரையும் இந்த எழுத்துகளாலேயே மாற்றி எழுதி, முன்னால் அந்த எக்ஸ்-என் அடையாளத்தை ஒட்டிவிடலாம். இந்த மாற்றெழுத்துக்குப் பெயர் பியூனிகோட். ஆக, எல்லாத் தமிழ் டொமைனும் உள்ளே பியூனிகோட்தான். அதைத் தமிழாகக் காட்டுவதா, அப்படியே காட்டுவதா என்று ஒவ்வொரு முறையும் உலாவி முடிவு செய்கிறது. சில விதிகளைப் போட்டுப் பார்த்து எடுக்கும் முடிவு அது. விதியில் சிக்கிய நல்ல பெயரும் பியூனிகோடாகத் தெரியும். சிக்காத கெட்ட பெயர் அழகான தமிழில் தெரியும்.

மார்ச் 2, இரவு

"யார் போய் ரஷ்ய எழுத்தில் போலி முகவரி வாங்கப் போகிறார்கள்" என்று கீழே கேட்டிருக்கிறார்கள். ரஷ்யர்கள் எழுதும் சிரிலிக் லிபியில் சில எழுத்துகள் ஆங்கில எழுத்து மாதிரியே தெரியும், அதை வைத்து வாங்கிக் காட்டியிருக்கிறார்கள். இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எவ்கெனி கப்ரிலோவிச், அலெக்ஸ் கோன்ட்மாக்கர் இருவரும் 2002இல் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்கள். மைக்ரோசாஃப்ட் என்ற பெயரில் இரண்டு எழுத்தை மட்டும் ரஷ்ய எழுத்தாக மாற்றி அந்த டொமைனைப் பதிவும் செய்திருந்தார்கள். அப்போது அதைச் சரியாகத் திறக்கும் உலாவிகளே குறைவு என்பதால் பெரிய பரபரப்பு இல்லை.

பரபரப்பு 2005 பிப்ரவரியில் வந்தது. ஷ்மூ என்ற கணினிப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த எரிக் ஜோஹன்சன் பேபால் பெயரில் ஒரே ஒரு 'ஏ'வை சிரிலிக் 'ஏ'வாக மாற்றிக் காட்டினார். ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, ஓபெரா எல்லாமே ஏமாந்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 மட்டும் ஏமாறவில்லை. அதற்கு இந்தப் பன்மொழிப் பெயர்களைத் திறக்கவே தெரியாது, அதுதான் காரணம்.

மார்ச் 3

அதற்குப் பிறகு உலாவி செய்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இதைச் சொன்னால்தான் இன்றைய விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும்.

ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா, பதிவகங்களை நம்பியது. பதிவகம் என்றால், டாட்காம் மாதிரி முகவரியின் கடைசியில் வரும் ஒரு பின்னொட்டின் கீழ் பெயர்களைப் பதிவு செய்யும் அமைப்பு. போலிப் பெயரைத் தடுக்க என்ன செய்கிறீர்கள் என்று எழுதி வெளியிட்ட பதிவகங்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அவற்றின் கீழ் வரும் பெயர்களை மட்டும் சொந்த எழுத்தில் காட்டியது. பட்டியலில் இல்லாத பின்னொட்டு என்றால் பியூனிகோட்தான். புதிய பின்னொட்டுகள் நூற்றுக்கணக்கில் வரத் தொடங்கியதும் அந்தப் பட்டியலைக் கட்டி மேய்க்க முடியாமல், எழுத்துக் கலப்பைப் பார்க்கும் விதிக்கு மாறினார்கள்.

மைக்ரோசாஃப்ட், 2006இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 7இல், பயனரின் மொழியைப் பார்த்தது. உங்கள் கணினியின் மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தால் தமிழ் டொமைன் தமிழில் தெரியும். இல்லையென்றால் இல்லை. குரோமும் 2016 வரை ஏறக்குறைய இதே வழியில்தான் போனது. கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் தொல்லை. என் திரையில் தமிழாகத் தெரிவது, நான் அனுப்பினால் உங்கள் திரையில் குப்பையாகத் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு சிற்றிதழுக்குத் தமிழ் முகவரி வைக்கலாம் என்று பேசியபோது, நடத்துபவர் கேட்ட முதல் கேள்வி "அதை அழைப்பிதழில் எப்படி அச்சடிப்பது? பாதிப் பேருக்கு வேறு மாதிரி தெரியுமே?" என்பதுதான். அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோனது.

ஆப்பிளின் சஃபாரி லிபிகளின் பட்டியல் ஒன்றை வைத்தது. லத்தீனோடு குழப்பம் வரக்கூடிய சிரிலிக்கும் கிரேக்கமும் அதில் இல்லை. தமிழும் தேவநாகரியும் இருந்தன. நம்மைப் பொறுத்தவரை சஃபாரி தாராளம். ஒரு ரஷ்யருக்கோ கிரேக்கருக்கோ அது அநியாயம். சொந்த எழுத்தில் பெயர் வைத்தவனுக்கு, அவன் எந்தத் தப்பும் செய்யாமலே, முகவரிப் பட்டையில் குப்பை.

மார்ச் 3, சற்று கழித்து

உலாவியோடு நிற்கும் விஷயம் இல்லை இது. பல்கேரியா தன் நாட்டுக்குச் சிரிலிக்கில் ஈரெழுத்துப் பின்னொட்டு கேட்டது. பிரேசிலின் பின்னொட்டு மாதிரி இருக்கிறது என்று 2010இல் மறுத்துவிட்டார்கள். கடைசியில் அது நடைமுறைக்கு வந்தது 2016இல். ஒரு நாடே தன் எழுத்தில் தன் பெயரை வைத்துக்கொள்ள இத்தனை வருடம்.

மார்ச் 4

"ஒரே பெயரில் இரண்டு லிபி கலந்தால் தடுத்துவிட்டால் போதுமே" என்ற வாதத்துக்கு.

போதாது. 2017 ஏப்ரலில் ஷுடோங் ஷெங் என்பவர் ஆப்பிள் பெயரை முழுக்க முழுக்க சிரிலிக் எழுத்துகளாலேயே எழுதி, டாட்காமில் பதிவு செய்து காட்டினார். கலப்பே இல்லை. ஐந்து எழுத்தும் ஒரே லிபி. அதில் 'எல்' மாதிரித் தெரிந்தது 'பலோச்கா' என்ற எழுத்து. செச்சென், அவார் போன்ற காக்கேசிய மொழிகளில் புழங்குவது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை ஆப்பிள் என்றே காட்டின. பூட்டு அடையாளமும் இருந்தது. இருக்கத்தான் செய்யும். டொமைன் யார் கையில் இருக்கிறதோ அவர் சான்றிதழ் வாங்கலாம். பூட்டுக்கு அதற்கு மேல் பொருள் கிடையாது. குரோம் 2023இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது நல்ல காரியம்.

குரோம் 58இல் இதற்குத் தடுப்பு வந்தது. ஒரு பெயரின் எல்லா எழுத்தும் லத்தீன் போலத் தெரியும் சிரிலிக் எழுத்துகளாக இருந்து, பின்னொட்டு சிரிலிக்காக இல்லாவிட்டால், பியூனிகோட். ஃபயர்ஃபாக்ஸ் மறுத்தது. இப்படிப்பட்ட பெயரைப் பதிவு செய்ய விடாமல் தடுப்பது பதிவகத்தின் வேலை, சிரிலிக்கில் எழுதுபவர்களை இரண்டாம் தரமாக நடத்த மாட்டோம் என்பது மொசில்லாவின் நிலை. வேண்டுபவர்கள் உள்ளமைப்பில் ஒரு மதிப்பை மாற்றி எல்லாவற்றையும் பியூனிகோடாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில் எனக்கு மொசில்லா மீது கோபம் இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. பாதுகாப்பு என்று சொல்லி யாருடைய எழுத்தை முதலில் மறைக்கிறோம் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் பதிவகம் பார்த்துக்கொள்ளும் என்ற பதில் அன்றைக்கு ஏமாறப் போகிறவனுக்கு எந்த உதவியும் செய்யாது. இரண்டும் சேர்ந்தேதான் என் மனதில் இருக்கின்றன.

மார்ச் 5

கேள்வி கேட்டவர் கொடுத்த முகவரியைப் பார்த்தேன். அது பியூனிகோடாகத் தெரிவதற்கு அது போலி என்பது காரணம் இல்லை. தமிழ்ச் சொல்லோடு ஆங்கில எழுத்துகளை ஒட்டி ஒரே பெயராக வைத்திருக்கிறார்கள். குரோம் இதில் கறார். ஒரே பெயருக்குள் லத்தீனோடு கலக்கலாம் என்ற சலுகை சீனம், ஜப்பானியம், கொரியன் எழுத்துகளுக்குத்தான். அங்கே அப்படிக் கலந்து எழுதுவது அன்றாட வழக்கம். நாமும் கடைப் பலகையில் கலந்து எழுதுகிறோம்தான், ஆனால் தமிழுக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்னொன்று. லத்தீன் போலத் தெரியும் எழுத்துகள் தமிழிலும் உண்டு என்று குரோம் கருதுகிறது. ட, ப, ௦ மூன்றும் அதன் பட்டியலில் இருக்கின்றன. ட-வை ஆங்கிலப் பெரிய 'எல்' போலவும் ப-வை 'யு' போலவும் படிக்கலாமாம். தமிழ்ச் சுழியம் வட்டம்தான், அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெயர் முழுக்க இவற்றால் மட்டுமே ஆனால் சந்தேகப் பட்டியலுக்குப் போய்விடும். "படபட" என்று ஒரு பட்டாசுக் கடைக்குப் பெயர் வைத்து டாட்காமில் வாங்கினால், அந்த விதிப்படி முகவரிப் பட்டையில் குப்பைதான் தெரியும். இடையில் ஒரு 'க' வந்துவிட்டால் தப்பித்தார்.

மார்ச் 6

எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடத்துக்கு வருகிறேன்.

மேலே சொன்ன எல்லாக் காவலும் ஒரே வாசலில் நிற்கிறது: வேறு எழுத்தை வைத்து ஆங்கிலப் பெயரைப் போலி செய்வதைத் தடுப்பது. தமிழ் எழுத்தை வைத்தே தமிழ்ப் பெயரைப் போலி செய்தால்?

நான் மின்னூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். இந்தப் போலிகளோடுதான் என் அன்றாடம். "கௌரவம்" என்று தேடினால் பாதி இடங்களில் சிக்காது. தட்டச்சு செய்தவர் "கெளரவம்" என்று கொம்பும் ள-வும் போட்டு அடித்திருப்பார். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஔவையார் / ஒளவையார் இன்னும் மோசம். முதலாவது ஓர் எழுத்து, இரண்டாவது ஒ-வும் ள-வும். ஒரே நூலில் இரண்டு ஔவையார் இருப்பார்கள், பொருளடைவில் இரண்டு இடத்தில் வருவார்கள்.

அப்புறம் தமிழ் எண்கள். கடல், ௧டல். அம்மா, ௮ம்மா. எழில், ௭ழில். உலகம், ௨லகம். ஒவ்வொரு இணையிலும் இரண்டாவது சொல்லின் முதல் 'எழுத்து' ஓர் எண். சந்தேகமிருந்தால் இந்தப் பக்கத்திலேயே "கடல்" என்று தேடிப் பாருங்கள், ௧டல் அகப்படாது. உங்கள் எழுத்துருவைப் பொறுத்து வித்தியாசம் கொஞ்சம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். முகவரிப் பட்டையின் சின்ன எழுத்தில் யார் உற்றுப் பார்ப்பார்கள்?

௦ முதல் ௯ வரை டொமைன் பெயரில் வரத் தரம் அனுமதிக்கிறது. பத்தைக் குறிக்கும் ௰, நூறு ௱, ஆயிரம் ௲ மூன்றுக்கும் 2010இல் வந்த புதிய தரத்தில் இடமில்லை. உலாவியும் ஆங்கில எண்ணையும் தமிழ் எண்ணையும் ஒரே பெயரில் கலந்தால் பிடித்துக்கொள்கிறது. ஆனால் தமிழ் எழுத்துக்கு நடுவே ஒரு தமிழ் எண் என்பது அதன் பார்வையில் ஒரே லிபி. கலப்பு இல்லை. ௧டல் தமிழிலேயே காட்சி தரும்.

நண்பர் சொன்னதில் ஆபத்தான பாதி இதுதான்.

மார்ச் 6, இரவு

"அப்படியானால் கொ, கோ கூட இரண்டு விதமாக அடிக்கலாமே?" நல்ல கேள்வி. அது பிரச்சினை இல்லை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தாலும், ஒரே குறியாக அடித்தாலும், பெயரைப் பியூனிகோடாக மாற்றும் முன் இயல்பாக்கம் என்ற படியில் இரண்டும் ஒன்றாக்கப்பட்டுவிடும். ஔகாரத்துக்கும் இதே ஏற்பாடு உண்டு. அதற்கென்று ள போலவே இருக்கும் தனிக் குறி ஒன்று, எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில் இருக்கிறது, கொம்போடு அது வந்தால் சேர்ந்துகொள்ளும். ஆனால் மக்கள் அடிப்பது அந்தக் குறியை இல்லை, விசைப்பலகையில் இருக்கும் உண்மையான ள-வை. அது சேராது. யூனிகோடைப் பொறுத்தவரை கௌ ஒரு பெயர், கெள இன்னொரு பெயர். இரண்டையும் இரண்டு பேர் வாங்கலாம்.

மார்ச் 8

"௧-வும் க-வும் ஒன்று போலிருக்கின்றன என்று யூனிகோடுக்குத் தெரியாதா?" தெரியும். யூனிகோட் வெளியிடும் குழப்பெழுத்துப் பட்டியலில் ௧–க, ௭–எ, ௮–அ, ஔ–ஒள எல்லாமே இருக்கின்றன. அந்தப் பட்டியலை வைத்து எந்தப் பெயரையும் ஓர் எலும்புக்கூடாகச் சுருக்கலாம். கடலும் ௧டலும் ஒரே எலும்புக்கூடு தரும். குரோம் இதைச் செய்கிறது. செய்துவிட்டு எதோடு ஒப்பிடுகிறது என்பதுதான் விஷயம். பிரபலமான தளங்களின் பட்டியலோடு. தமிழ் எழுத்தில் பெயர் வைத்த தளம் அப்படிப்பட்ட பட்டியலில் இடம்பிடிப்பது எந்தக் காலத்தில்?

கொஞ்சம் ஆறுதலான செய்தியும் உண்டு. 2019இல் குரோம் 75இலிருந்து, "நீங்கள் இந்தத் தளத்துக்கா போக நினைத்தீர்கள்?" என்று கேட்கும் எச்சரிக்கை வந்தது. அது பிரபலத் தளங்களோடு, நீங்கள் அடிக்கடி போகும் தளங்களையும் கணக்கில் எடுக்கிறது. உங்களுக்குப் பழக்கமான தமிழ் முகவரிக்கு ஒரு போலி வந்தால் சிக்க வாய்ப்பு இருக்கிறது. முதல் முறை போகிறவருக்கு அந்தக் காவல் இல்லை. ஏமாறுவதோ பெரும்பாலும் முதல் முறை போகிறவர்தான்.

மார்ச் 9

"பேசாமல் எல்லாவற்றையும் பியூனிகோடாகவே காட்டிவிட்டால் தொல்லை விட்டது" என்று இரண்டு பேர். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

பியூனிகோடில் இந்தியா என்ற பின்னொட்டும் இலங்கை என்ற பின்னொட்டும் எப்படி இருக்கும் தெரியுமா? இரண்டுமே எக்ஸ், என், இரண்டு கோடு. பிறகு எக்ஸ், கே, சி, 2. அதற்கப்புறம் ஒன்றில் டி-எல், மற்றதில் ஏ-எல். அடுத்து இரண்டிலும் 3. பிறகு ஏதோ சில எழுத்தும் எண்ணும். இதைப் பார்த்து எது எந்த நாடு என்று சொல்ல முடிகிறவர் யாராவது இருக்கிறார்களா? உற்றுப் பார்த்தால் சந்தேகம் வர வேண்டும் என்று காட்டும் எழுத்து, எல்லாவற்றுக்கும் அதே மாதிரி இருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. உண்மையான தமிழ்த் தளமும் குப்பை, போலியும் குப்பை. 2010, 2011இல் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா மூன்றுக்கும் தமிழ்ப் பின்னொட்டு கிடைத்தது ஆங்கிலம் படிக்காதவரும் முகவரியைப் படிக்கட்டும் என்றுதான். அதை மறைத்துவிட்டு பாதுகாப்பு என்று சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

மார்ச் 9, மாலை

கொஞ்சம் நிதானமாக ஒன்று. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் பெரியப்பா ஒரு இணைப்பு போட்டார். ஒரு வங்கி, கணக்கு முடங்கப் போகிறது, உடனே விவரம் கொடு என்ற வழக்கமான மிரட்டல். முகவரியில் சிரிலிக்கும் இல்லை, தமிழ் எண்ணும் இல்லை. வங்கியின் பெயர், ஒரு கோடு, ஒரு ஆங்கிலச் சொல், யாரும் கேள்விப்படாத பின்னொட்டு. அவ்வளவே. நமக்கு வந்து சேரும் ஃபிஷிங்கில் பெரும்பகுதி இந்த வகைதான். அல்லது 'ஆர்'-ஐயும் 'என்'-ஐயும் ஒட்டி 'எம்' போலக் காட்டுவது. அதில் எல்லாம் சுத்தமான ஆங்கில எழுத்து என்பதால் இந்த லிபி விதிகள் எதுவும் குறுக்கே வராது.

பெரியப்பாவிடம் "முகவரியைப் பாருங்கள்" என்று சொன்னால் அவர் பார்ப்பார், வங்கியின் பெயர் இருக்கிறதே என்பார். அதனால் முகவரியைப் படித்துக் கண்டுபிடிக்கச் சொல்வதை விட்டுவிட்டேன். அவர் போனில் கடவுச்சொல் மேலாளரைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது கண்ணால் பார்ப்பதில்லை, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. கடலும் ௧டலும் அதற்கு வேறு வேறு. அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்ப முன்வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு எனக்கு போன் பண்ணுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இது அவருக்குப் புரிந்துவிட்டது.

மார்ச் 11

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் 'ஸ்ரீ' பற்றிக் கேட்டிருந்தார். தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகினாலும் எழுதுகிறேன், இது எனக்குப் பிடித்த சிக்கல்.

சிங்களத்தில் ஸ்ரீ என்ற எழுத்தைச் சரியான வடிவில் எழுத, நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று வேண்டும். 2003 தரம் அந்தக் குறியைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். நாட்டின் பெயரில் இருக்கும் எழுத்தையே முகவரியில் ஒழுங்காக எழுத முடியாத நிலை. புதிய தரம் குறிப்பிட்ட இடங்களில் அதை அனுமதித்தது. கண்ணுக்கே தெரியாத குறி என்றால் போலிக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் எந்த எழுத்துக்குப் பின்னால் வரலாம் என்று கட்டுப்பாடு வைத்தார்கள்.

தமிழில் வேறு கதை. ஸ-வை வைத்து எழுதிய ஸ்ரீ ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வை வைத்து எழுதிய ஶ்ரீ இன்னொன்று. நிறைய எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே வடிவம். எந்த விசைப்பலகை எதைப் போடுகிறது என்பது அடிப்பவருக்கே தெரியாது. ஸ்ரீரங்கம் என்று இரண்டு பேர் நல்லெண்ணத்தோடு அடித்தாலே இரண்டு வேறு முகவரிக்குப் போகலாம். ஏமாற்றுக்காரனே தேவையில்லை.

மார்ச் 14

கோயில் அறக்கட்டளை ஒன்றுக்குத் தமிழ் டொமைன் வாங்கப் போகிறேன், என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டவருக்கு:

பெயரில் ஸ்ரீ-யும் ஔகாரமும் இல்லாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது. முடியாது என்றால் இரண்டு வடிவத்தையும் நீங்களே வாங்கி, ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுங்கள். பணம் கட்டும் முன் விற்பனையாளரின் பக்கத்தில் தெரியும் பியூனிகோடைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, வேறொரு போனில் வேறொரு விசைப்பலகையில் அதே பெயரை அடித்து ஒப்பிடுங்கள். வேறுபட்டால் எந்த எழுத்தில் வேறுபடுகிறது என்று இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தை ஒட்ட வேண்டாம், குரோமில் தமிழ் தெரியாது.

தமிழ் எண் வைத்த இணைப்பெயரை யாராவது வாங்கிவிட முடியுமா என்பது நீங்கள் எந்தப் பின்னொட்டை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பின்னொட்டுகள் எல்லாம் பதிவாகும் மேல்தட்டுக்கு வேர்மண்டலம் என்று பெயர், அங்கே எண்ணுக்கு இடமில்லை. தமிழ் உட்பட இந்திய லிபிகளுக்கு நியோ-பிராமி என்ற குழு உட்கார்ந்து விதி எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே நீங்கள் வாங்கும் பெயரின் விதியை எழுதுவது அந்தந்தப் பதிவகம். வாங்கும் முன் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "தமிழ் எண்களைத் தமிழ் எழுத்துகளோடு சேர்த்துப் பதிவு செய்ய விடுகிறீர்களா?" பதில் வந்ததும் இங்கே ஒட்டுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.